நெட்டைக்கு வந்த கல்

சிறுநீரகத்தில் கல் என்று சொன்னதுதான் வினையாகப் போயிற்று. பல்வலி என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் லீவு கேட்டதும் தையற்கடையில் அத்தனை மெஷினும் நின்றுவிட்டன. "எதுக்குடா?" என்று எல்லோரும் பார்த்த பார்வையில் நெட்டையின் வாயில் வந்து விழுந்தது அதுதான்.

அவன் மனசில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததும் சிறுநீர்தான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் போன வாரமே டெஸ்ட் எடுத்துவிட்டாள். "நீங்களும் பால்வினை நோய்க்கு ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க. அப்புறம் தேதி குறிப்போம்" என்று, வரும்போது தக்காளி வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னாள். தன் வாழ்க்கையில் முன்பு வேறொருத்தி இருந்ததை அவன் அவளிடம் மறைக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பரிசோதனையை நினைத்தாலே உடம்பு கூசியது.

போனில் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகக் கூடாது. போயிட்டா இன்னொரு நாள்தான் வரணும்."

இன்னொரு நாள் இந்த வெட்கத்தை முதலிலிருந்து பட அவனுக்குத் தெம்பு இல்லை.

"கல்லா?" அயர்ன் போடும் அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தண்ணி குடிக்காம மெஷினே கதின்னு கிடந்தா வராம என்ன செய்யும்? இந்தா, குடி."

"வேணாம்க்கா."

"ஏன் வேணாம்?"

அதற்குப் பதில் சொல்ல முடியாததால் குடித்தான். முதலாளி தன் மேசையிலிருந்த பாட்டிலையே நீட்டினார். சம்பளம் தவிர முதலாளி எதையும் நீட்டி அவன் பார்த்ததில்லை. அதையும் குடித்தான். கொஞ்ச நேரத்தில் கால் மேல் கால் போட்டு, முறுக்கி, பல்லைக் கடித்தான்.

"வலிக்குதா?" என்றாள் அக்கா.

இல்லை என்றால் லீவு போய்விடும். ஆமாம் என்றால் தண்ணீர் வரும்.

"ஆமாக்கா."

தண்ணீர் வந்தது.

கடையிலேயே மூத்தவரான கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வா, ஸ்கூட்டர்ல கொண்டு விடுறேன்."

"நானே போயிடுவேன் மாஸ்டர்."

"வழியில சுருண்டு விழவா? ஏறு."

சாலையில் இருந்த பள்ளம் எதையும் மாஸ்டர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நெட்டைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க மாஸ்டர்."

"குலுங்கினாத்தான் கல்லு இறங்கும்."

ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தான். அவர் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளேயும் வந்தார். சிறுநீரகப் பிரிவு இடப்பக்கம் என்று போர்டு சொன்னது. அவன் போக வேண்டிய இடமோ நேரே, நடையின் கடைசியில் இருந்த சாத்திய கதவு. இடப்பக்கம் திரும்பினால் மானம் தப்பும், ஆனால் டெஸ்ட் போய்விடும். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அடிவயிறு வேறு இனித் தாங்காது என்று சொல்லிவிட்டது.

"மாஸ்டர், எனக்குக் கல்லு இல்ல." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி பால்வினை நோய் டெஸ்ட் எடுக்கணும். கடையில சொல்லிடாதீங்க."

காது இரண்டும் கொதித்தன. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று தரையையே பார்த்தான்.

மாஸ்டர் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்து, எது என்று கேட்காமலே அந்தக் கடைசிக் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க மாஸ்டர். இந்தத் தடவை யாருக்குக் கல்லு?"