பதினோரு வினாடி மாமனார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். தாங்களும் என் மகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கோபம் உங்கள் மேல்தான், உங்கள் உடல்நலத்தின் மேல் இல்லை.

தாங்கள் நடத்தும் சினிமா விமர்சன பாட்காஸ்டுக்கு நானாக வரவில்லை, நீங்கள்தான் அழைத்தீர்கள். இருபத்தாறு வருடம் தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டியவன் நான். ஊரார் திரையைப் பார்த்தார்கள், நான் ஊராரைப் பார்த்தேன். எந்தப் படத்துக்கு எந்த வரிசை சிரித்தது, எந்த வரிசை தூங்கியது என்பதெல்லாம் அத்துப்படி. கல்லூரியில் படித்ததல்ல, இருட்டில் நின்று கற்றது. "அதைத்தான் மாமா நீங்க எங்களுக்குச் சொல்லணும்" என்ற உங்கள் வார்த்தையை நம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தால், என்னைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்தீர்கள். எதிரொலி வராதாம். சரி, பொறுத்துக்கொண்டேன். தலைக்கு மேல் மகளின் கோட்டு, காதோரம் உங்கள் பேண்ட், முழங்காலோடு முழங்கால் இடிக்க உங்கள் நண்பரான திரைப்படவியல் பேராசிரியர். அவர் ரயில்வே கேட் கீப்பரைப் பற்றிய அந்தப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு, "மகன் போற ரயிலுக்கு அப்பா பச்சைக் கொடி காட்டுற அந்த நாலு நிமிஷம் இருக்கே, கேமரா அசையவே அசையாது, தியேட்டரே அழுதிருக்கும்" என்றார். எந்தத் தியேட்டர்? எங்களிடம் அறுபது நாள் ஓடிய படம். அந்த இடத்தில்தான் திருட்டுத்தனமாகச் சிகரெட் பற்றவைப்பார்கள் என்று ஒரு வரிசை விடாமல் முகத்துக்கு முகம் டார்ச் அடித்தவன் நான். ஒரு கண்ணில் ஈரமில்லை. அது அழுகைக் காட்சியே இல்லை, சிகரெட் காட்சி. இதை நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசவும், கை தானாகப் பைக்குள் போய், இன்றும் கூடவே வைத்திருக்கும் டார்ச்சை எடுத்து அவர் மூஞ்சியில் அடித்துவிட்டது. மனுஷர் பாதிச் சொல்லில் வாயை மூடினார்.

"மாமா, டார்ச்சை இறக்குங்க!" என்றீர்கள்.

"நடுவுல பேசினா அடிக்கத்தான் செய்வேன். தியேட்டர் முதலாளி சம்சாரத்துக்கே டார்ச் அடிச்சவன்" என்றேன்.

நான் பேசியது ஒரு மணி பத்து நிமிடம். வெளியானது பதினோரு வினாடி: ஒரு இருமல், ஒரு "தண்ணி கிடைக்குமா?" மிச்சமெல்லாம் பேராசிரியர். கேளுங்கள் கேளுங்கள் என்று லிப்ட்காரரிலிருந்து பல் வைத்தியர் வரை சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பல் வைத்தியர் என் வாயைப் பிளக்க வைத்துவிட்டு, "அப்புறம் தண்ணி கிடைச்சுதா சார்?" என்கிறார். உங்கள் அத்தையோ, "கல்யாணமான நாள்லேருந்து இவ்வளவு சுருக்கமா நீங்க பேசினதே இல்ல, நல்லாருந்துது" என்கிறாள்.

போனில் கேட்டால், "அது ஆராய்ச்சிக்கு ஒத்துவரல மாமா" என்கிறீர்கள். அறுபது நாள், நாளுக்கு நாலு காட்சி, அறுநூறு இருக்கை. இதுக்கு மேல என்னய்யா ஆராய்ச்சி? கொடிக் காட்சியில் ஒருவரும் அழவில்லை என்ற என் பேச்சை அடுத்த வாரமே ஒரு சொல் வெட்டாமல் வெளியிட வேண்டும். இல்லையென்றால் என் வீட்டிலும் அலமாரி இருக்கிறது, அதிலும் துணி இருக்கிறது. நானே ஒன்று தொடங்குவேன்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, பேச்சு வெளியான பிறகு எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வெட்டி எறியப்பட்ட மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், ஆதாரம் பலமாக இருக்கட்டுமே என்று ஜன்னலையெல்லாம் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். திரைப் பக்கம் திரும்பி அதை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரயில் போய் முடிந்த பிறகும் அந்த ஆள் கொடியை இறக்காமல் நிற்கிறார். நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வந்து பட்டென்று லைட்டைப் போட்டாள். அந்த நொடியே முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, தூசி" என்றேன். மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா எவன் அழுவான் மாப்பிள்ளை? அறுபது நாளும் அத்தனை பேர் அழுகையையும் நான்தான் நிறுத்தியிருக்கிறேன். ஆகவே வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும். ஆனால் இதனால் அந்தப் பேராசிரியர் கெட்டிக்காரர் என்று ஆகிவிடாது. அவர் கையில் டார்ச் இல்லை, அவ்வளவுதான்.