படிக்கட்டு இல்லாமல் பறந்த விமானம்

விமானங்களை அடையாளம் காணும் அலுவலகத்தால் ஒரு விமானத்தையும் அடையாளம் காண முடியவில்லை என்பது அங்கே யாருக்கும் பெரிய குறையாகப் படவில்லை. ரேடார் பழசு. பெரிய விமானமும் அதற்கு ஒரு புள்ளிதான், பொடி விமானமும் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனவரைப் புள்ளிக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். "புள்ளி தெரியுது, பொண்டாட்டி முகம் தெரியலை" என்று கோபித்துக்கொண்டு அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது. கெஞ்சிக் கூத்தாடி, இன்றைக்குத்தான் திரும்பி வரச் சம்மதித்திருந்தாள்.

பாவி மனுஷருக்கு, புதிய முறை அமலுக்கு வந்ததும் இன்றைக்குத்தான்.

முறையைக் குற்றம் சொல்லக் கூடாது. தட்டினால் குடத்துக்கு ஒரு ஓசை, டம்ளருக்கு ஒரு ஓசை இல்லையா? அப்படித்தான் நீளமான அலையால் தட்டினால் ஒவ்வொரு விமானமும் தன் அளவுக்கேற்ப அதிரும். அலையை நிமிர்த்தி ஒருதரம், படுக்கவைத்து ஒருதரம் அனுப்பினால் அதன் வடிவமும் பிடிபட்டுவிடும். எந்த விமானம் எப்படி அதிரும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால் போதும். பறக்கிறதை அளப்பது வீண் செலவென்று, துணை அதிகாரி தரையில் நின்ற விமானங்களைப் படிக்கட்டு வண்டியோடு சேர்த்தே அளந்துவிட்டார். இயக்குநரும் மிகுந்த மனநிறைவுடன் அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டார்.

மனைவி வந்த விமானம் தலைக்குமேல் வட்டமடித்தது. திரையில் "அடையாளம் இல்லை" என்று வந்தது.

"சார், மெஷின் படிக்கட்டைத் தேடுது," என்றார் புள்ளிக்காரர்.

"அப்போ விமானி படிக்கட்டோட வந்திருக்கணும்," என்றார் துணை அதிகாரி.

"ஜன்னல்ல பாருங்க சார். வாலோட நிறம்கூடத் தெரியுது."

"ஜன்னலுக்கு இன்னும் அங்கீகாரம் வரலை. அடையாளம் இல்லாதது வந்ததாகக் கருதப்பட மாட்டாதுன்னு இயக்குநரே உத்தரவு போட்டிருக்காரு. வராத விமானத்தை எப்படிய்யா இறக்கச் சொல்றே?"

"எரிபொருள் தீரப்போகுதாம் சார்."

"வராத விமானத்துல எரிபொருள் ஏது?"

புள்ளிக்காரர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலையாவது மண்ணாங்கட்டியாவது, அவள் உயிரோடு இறங்கினால் போதும். இயக்குநரின் விமானத்தைப் பற்றிய விவரத்தை மட்டும் திருத்துவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை; அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. வட்டமடிக்கும் புள்ளியின் அதிர்வை நைசாக அந்த இடத்தில் ஏற்றினார். திரை பச்சையானது: "இயக்குநர் வருகை."

அவ்வளவுதான், ஓடுபாதை காலியானது. துணை அதிகாரி கோட்டை மாட்டிக்கொண்டே ஓடினார். நடைமுறைப்படி முதலில் இறங்குபவரே இயக்குநர். முதலில் இறங்கியவள் புள்ளிக்காரரின் மனைவி. துணை அதிகாரிக்கு இயக்குநரின் முகம் நன்றாகவே தெரியும். ஆனால் முகத்துக்கும் அங்கீகாரம் இல்லையே. பூங்கொத்தைக் கொடுத்து, காரில் ஏற்றி, இயக்குநர் அறையில் உட்காரவைத்துக் கோப்புகளை நீட்டினார். அவளும் கையெழுத்துப் போட்டாள். வேலை வழக்கத்தைவிட ஒழுங்காக நடந்தது.

நிஜ இயக்குநரின் விமானமும் வந்தது, அடையாளம் இல்லாமல் பக்கத்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"என்னைத் தெரியலையாய்யா?"

"நல்லாத் தெரியும் சார். ஆனா நீங்க இன்னும் வரலை," என்றார் துணை அதிகாரி பணிவாக.

இயக்குநர் புள்ளிக்காரர் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்."

சொன்னால் தில்லுமுல்லு வெளியே வரும், வேலை போகும். மனைவிதான் பத்திரமாக வந்துவிட்டாளே, இனி வேலையை விடுவானேன்?

"இவரை நான் பார்த்ததே இல்லை சார்."

அலுவலகம் முடிந்ததும் புள்ளிக்காரர் இயக்குநர் அறைக் கதவை மெல்லத் தட்டினார். "ஏம்மா, வீட்டுக்குக் கிளம்பலாமா?"

கோப்பிலிருந்து தலை நிமிராமலே அவள் கேட்டாள்.

"யாரது? அளந்தாச்சா?"