மூன்று தலை விருந்தாளி

இந்தப் படத்தின் கதையை என் மனைவியிடம் மூச்சுவிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். குளியலறையில்தான் எடுத்தேன். பாதுகாப்புக்குக் குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டேன்.

நான் சாதாரண ஆள் இல்லை. விஞ்ஞானப் படம் எடுக்கும் டைரக்டர். ஆறு படங்களில் ஆறு முறை உலகத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். நான் கையைத் தூக்கினால் விண்கலம் வந்து இறங்கும். வீட்டில் வெறும் கலம்தான். அதையும் நான்தான் கழுவுகிறேன்.

ஆறு படத்துக்கும் முடிவு சொன்னது அவள். அதோடு விட்டாளா? பேட்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஆரம்பம் அவரு, முடிவு நானு" என்று சொல்லிவிடுகிறாள். ஏழாவது படமாவது முழுக்க என்னுடையதாக இருக்கவேண்டாமா?

காருக்குள் உட்கார்ந்து எழுதினேன். மூன்று தலை வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். வந்தவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள். எனக்கும் அவர்களை அனுப்பத் தெரியவில்லை. குண்டு போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இப்படியே மூன்று வாரம். தயாரிப்பாளர் தினமும் போன் செய்தார்.

"கிளம்பிட்டாங்களா சார்?"

"இன்னும் இல்ல சார்."

வேறு வழியில்லை. அவளிடமே, அவளுக்கே தெரியாமல் கேட்டுவிடுவது என்று திட்டம் போட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசை செய்வதுபோல் போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பவே மாட்டேங்கறாருன்னு வச்சுக்க. என்ன பண்ணலாம்?"

"யாரு, எங்க அண்ணனைச் சொல்றீங்களா?"

"ஐயையோ! சும்மா பொதுவா கேக்கறேன்."

"போங்கன்னு மட்டும் சொல்லக்கூடாது. இன்னும் பத்து நாள் இருங்க, நாளைக்கு வீடு முழுக்க ஒட்டடை அடிக்கணும், நீங்க இருந்தா உதவியா இருக்கும்னு சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள ஊர்லேர்ந்து அவசரமா போன் வந்துடும்."

அடி சக்கை! எனக்குப் போர்வையோடு குதிக்கலாம்போல் இருந்தது.

"சரி, அவரு தலைவலின்னு படுத்துட்டா?" என்றாள். "எத்தனை மாத்திரை கொடுக்கறது?"

"தலைக்கு ஒண்ணு. மூணு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தலையணை உறையை உதறி மடித்தாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தயாரிப்பாளர் அலுவலகத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று நடித்தே காட்டினேன். பூமியின் ஜனாதிபதி கைகூப்பி, "இன்னும் பத்து நாள் இருங்க, நாளைக்கு ஏழு கடலையும் கழுவணும்" என்கிறார். அவ்வளவுதான். அத்தனை விண்கலத்திலும் ஒரே நேரத்தில் போன் அடிக்கிறது. வானம் காலி!

தயாரிப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் சார்! நேத்து சாயங்காலம் போன்ல கேட்டப்பவும் இப்படித்தான் விழுந்து விழுந்து சிரிச்சேன்."

நாற்காலி லேசாக ஆடியது. "போன்லயா? யார் சொன்னா?"

"மேடம்தான். கதைன்னு அவங்க பேரைப் போட்டு போஸ்டர்கூட அடிக்கக் கொடுத்தாச்சு."

"அப்ப நான்?"

அவர் என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"கவலைப்படாதீங்க சார். டைரக்‌ஷனுக்கு உங்களையே வச்சுக்கலாம்னு மேடம் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாங்க."