எறியக் கூடாத இடத்தில் மாப்பிள்ளை

விஸ்வநத்தத்திலிருந்து சாத்தூர் வரை வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை உண்டு. ஆனால் வெறுமனே மாப்பிள்ளை என்று சொன்னால் இந்தப் பக்கம் ஒரே ஆள்தான். பிலிப்பைன்ஸ்காரர். மினி பஸ்ஸில் ஏறினால் கழுத்தை மடித்து வைத்துக்கொள்வார். அவ்வளவு உயரம்.

எங்கள் ஊர் செல்வி துபாயில் நர்ஸ். முழங்காலைக் காட்ட வந்தவரையே கட்டிக்கொண்டாள். அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தாள். இவரும் பின்னாலேயே வந்தார். கையில் ஒரு பெட்டி, ஒரு பந்து.

மணிலாவில் பாஸ்கட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவர். அங்கே தென்னை மரத்திலெல்லாம் வளையம் அடித்திருப்பார்களாம். தெருவில் செருப்போடு ஆடத் தொடங்கி, பெரிய டீமுக்குப் போய், நூடுல்ஸ் பாக்கெட்டில் படம் வருகிற அளவுக்கு ஆகியிருக்கிறார். பிறகு முழங்கால் போனது. ஆட்டமும் போனது.

டீக்கடையில் போனில் காட்டினார். கூட்டம் அலறுகிறது. ஒருவன் எல்லார் தலைக்கும் மேலே போகிறான். இறங்க மறந்தவன் மாதிரி அங்கேயே நிற்கிறான். மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும். எங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் மட்டும், "படத்துல தொந்தியக் காணோமே" என்றார்.

மாப்பிள்ளை எங்களோடு லோடு ஏற்ற வந்தார். வேறு வேலை அமையவில்லை. இதுவும் இல்லையென்றால் அவர் மட்டும் துபாய்க்குத் திரும்ப வேண்டும். செல்வி வர முடியாது.

பட்டாசுக் கம்பெனியில் எதையும் எறியக் கூடாது. இழுக்கக் கூடாது. கீழே போடக் கூடாது. சுவரில் எழுதியிருக்கிறது. செல்வியிடம் தமிழ் பேசப் பழகியிருந்தார்; படிக்கத் தெரியாது. முதல் நாள் தீர்ந்துபோன டேப் ரோலை எங்கள் தலைக்கு மேலாக எறிந்தார். தூரத்துக் குப்பை டிரம்முக்குள் போய் விழுந்ததாம். நாங்கள் பார்க்கவில்லை. இங்கே ஏதாவது பறந்தால் யாரும் பார்ப்பதில்லை. ஓடுவோம். வேலி வரை ஓடித் திரும்பினால், ஷெட் வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக நிற்கிறார்.

"எங்கூர்ல இதுக்குக் கை தட்டுவாக."

"இங்கன ஓடுவோம்" என்றேன்.

போர்மேன் மரியாதை குறையாமல் திட்டினார். "ஊரு மாப்பிள்ளைன்னு பாக்கேன். இன்னொரு தடவ எதையாச்சும் எறிஞ்சீக, நாளைக்கு வராதீக."

அதன்பிறகு டீ கிளாஸைக்கூட இரண்டு கையால்தான் வைத்தார். பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோலப் பெட்டியைத் தூக்கினார். பேச்சும் குறைந்துபோனது.

தீபாவளி சீசன். லாரியில் உச்சிவரை லோடு. கயிறு நழுவி மேல்பெட்டி சரிந்தது. அணுகுண்டுப் பெட்டி. வழக்கம்போல ஓடினோம். ஒருவர் மட்டும் எதிர்த் திசையில் ஓடினார். நான் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த முழங்காலோடு எப்படி எழும்பினாரோ தெரியாது. தொந்தியும் சேர்ந்து எழும்பியது. போனில் பார்த்த அதே ஆள். பெட்டியை உச்சியிலேயே வாங்கி, நெஞ்சோடு அணைத்து, சத்தமில்லாமல் இறங்கினார்.

இறங்கியதும் கண் என்னைத் தேடியது. கை முன்னால் வந்தது. பிடித்ததும் அடுத்தவனுக்கு எறிந்தே பழகிய கை. போர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை திரும்பிப் போனது. நொண்டி நொண்டி நடந்து வந்து என் கையில் பெட்டியை வைத்தார்.

போர்மேன் சுவரைப் பார்த்தார். "பிடிக்கக் கூடாதுன்னு எழுதல" என்றார். "நாளைக்கு நேரத்தோட வாங்க மாப்ள."

இப்போது ஊர்ப் பொட்டலில் வேப்பமரத்தில் ஒரு வளையம் இருக்கிறது. பழைய டிரம்மில் வெட்டியது. போர்மேன்தான் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பந்தை எறிவார். லோடு ஏற்றுகிற நாங்கள் எல்லோரும் போவோம். கை தட்ட எங்களுக்குக் கூச்சம்.

ஆனால் ஒருத்தரும் ஓடுவதில்லை.