அலமாரியில் அறுவடை, கூரையில் போஸம்

லைனம், கான்பரா
மூன்றாம் மாடியிலிருந்து

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா நெரிடாவுக்கு, தம்பி மெர்வ் வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. ஓர் எழுத்து குண்டாக இருக்கும், அடுத்தது பட்டினி கிடந்ததுபோல் இருக்கும். ஒரு வரி மலையேறும், அடுத்த வரி பள்ளத்தில் இறங்கும். காலமெல்லாம் சாலை போட்டவனுக்கு ஒரு நேர்கோடு போடத் தெரியவில்லையா என்று நீ சிரிப்பாய். ரோலர் வண்டி நான் சொன்ன பக்கம் திரும்பியது, பேனா திரும்ப மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை, யாரும் திருத்தவில்லை, முழுக்க முழுக்க நானே எழுதுகிறேன். இத்தனை வருஷம் எனக்காக நீதானே எழுதினாய், வரிப் படிவத்திலிருந்து டோரீனுக்குக் காதல் கடிதம் வரைக்கும். (அவள் என்னை வேண்டாம் என்றதற்கு உன் நடைதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.) இப்போது உன் விரல்கள் முடங்கிப் பேனா பிடிக்க முடியாத நேரத்தில், இந்த வயதில் எழுத்து வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட என் முறை வந்திருக்கிறது. நான் நட்ட சாலைப் பலகைகளில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொள்கிறேன். கூமா சாலையில் ஒன்று தலைகீழாக நிற்கிறது. யாரிடமும் சொல்லாதே.

இங்கே நானும் என் இடுப்பும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் உன் கோழிகளும் சௌக்கியம்தானே?

அக்கா, விளைந்துவிட்டது! போன கிறிஸ்துமஸில் எல்லோர் முன்னாலும், "மெர்வ், நீ பிளாஸ்டிக் பூவ வெச்சாலும் அது வாடிடும்டா" என்று சொன்னாயே, அந்த மெர்வ் வைத்த கஞ்சாச் செடி விளைந்துவிட்டது. இந்த ஊரில் ஆளுக்கு இரண்டு செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. இரண்டு வைத்தேன். ஒன்று உன் வாக்குப் பலித்துச் செத்தது. இன்னொன்று பால்கனியில் தக்காளிக்குப் பின்னால் என் தோள் உயரம் வளர்ந்து, பிசுபிசுவென்று மொட்டு கட்டி நின்றது. என் தூக்கத்துக்கு ஆகும் என்றுதான் வைத்தேன். உன் விரல் வலிக்கு ஆகுமா ஆகாதா எனக்குத் தெரியாது, ஆனால் முதல் சிட்டிகை உனக்கு என்று நட்ட அன்றே நினைத்துக்கொண்டேன். குவின்பியனில் இருக்கும் உன் வீட்டுக்கு நான் எடுத்து வரவும் முடியாது, கால்மணி நேரப் பயணம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லைக்கோடு, அந்தப் பக்கம் அது குற்றம். அதனால் காய்ந்ததும் உன்னை இங்கே வரவழைப்பது என்று திட்டம்.

வளர்ப்பது பெரிய விஷயமில்லை அக்கா, காயவைப்பதுதான் விஷயம். வெயில் படக் கூடாது, ஈரம் ஆகாது, அவசரம் கூடவே கூடாது, இருட்டில் குளிர்ச்சியில் தலைகீழாகத் தொங்கி மெதுவாகக் காயவேண்டும். என் வீட்டில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? குளியலறை நசநசவென்று இருக்கும், பால்கனி பட்டப்பகல். மிச்சம் படுக்கையறைத் துணி அலமாரிதான். கிளைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் சட்டை மாட்டும் கொக்கியில் கட்டி, மேலே ஒரு சட்டையோ கோட்டோ மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டேன். கதவைத் திறந்தால் தலையில்லாத மெர்வ்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாயிற்று, மூக்குக்கு என்ன செய்வது? வெட்டின புல், எலுமிச்சை, வேர்த்த குதிரை மூன்றும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற மாதிரி ஒரு வாசனை. கதவிடுக்கில் துண்டைச் செருகினேன், மூன்று வேளையும் வெங்காயம் வதக்கினேன்.

சட்டம் இருக்கும்போது ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். சட்டம் வேறு, கிளெனிஸ் வேறு. கிளெனிஸ் எங்கள் குடியிருப்புக் குழுவின் தலைவி. கீழ்வீட்டுக்காரர் ஒரு தடவை மீன் காயப்போட்டதிலிருந்து அவள் ஒரு விதி போட்டிருக்கிறாள்: நாற்றம் எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் கட்டடத்தை விட்டு வெளியே போகவேண்டும். மீன் போயிற்று. கொஞ்ச நாளில் அந்த மனிதரும் போய்விட்டார். பாதி காய்ந்த நிலையில் வெளியே எறிந்தால் பூசணம் பிடித்து எல்லாம் குப்பைக்குத்தான்.

ஏப்ரல் கடைசியில் வரும் ஆன்சாக் நாளுக்கு முன்னால் இந்த ஊரில் யாரும் ஹீட்டர் போட மாட்டார்கள் அல்லவா, விறைத்துச் செத்தாலும் போட மாட்டார்கள், அதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் இந்த வருஷம் மழை விடாமல் பிடித்ததில் காம்பு ரப்பர் மாதிரி வளைந்ததே தவிர ஒடியவில்லை. ஆன்சாக் நாளும் வந்தது. போரில் இறந்தவர்களுக்கான விடியற்காலை அஞ்சலிக்குப் போய்விட்டு மூக்கெல்லாம் சிவந்து திரும்பிய மொத்தக் கட்டடமும் ஒரே நேரத்தில் ஹீட்டரைத் தட்டியது. எங்கள் பழைய கட்டடத்தில் அந்தக் காற்றுக் குழாய்கள் எல்லாம் கூரைக்குள்தான் ஓடுகின்றன. என் அலமாரி வாசனை மேலே ஏறி, குழாயில் புகுந்து, வீட்டுக்கு வீடு போய்க் குசலம் விசாரித்துவிட்டது.

கதவு தட்டப்பட்டது. தட்டின வேகத்திலேயே கிளெனிஸ் என்று தெரிந்தது.

"மெர்வ், இந்த நாத்தம் உங்களுக்கு வருதா இல்லையா?"

"எந்த நாத்தம்?"

"மூஞ்சில மூக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ராத்திரியில் கூரைமேல் ஓடுமே, அந்த மரப்பிராணிதான் ஞாபகம் வந்தது, என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "போஸமா இருக்கும் கிளெனிஸ். கூரைக்குள்ள பூந்து செத்துக் கிடக்குது போல."

"செத்த போஸம் எலுமிச்சை வாசமா அடிக்கும்?"

"என்னத்தத் தின்னுச்சோ, யார் கண்டா."

அதோடு போவாள் என்று நினைத்தேன். அவளோ அங்கேயே நின்று போஸம் பிடிக்கிறவனுக்குப் போன் போட்டாள். லீவு நாள், மறுநாள் வருகிறேன் என்றான். "நல்லது" என்று என்னைப் பார்த்தாள். "கூரைக்கு ஏற மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஓட்டைதான். எங்க இருக்கு தெரியுமா? உங்க பெட்ரூம் அலமாரிக்குள்ள."

அக்கா, நான் சொன்ன பொய்யே ஏணி எடுத்துக்கொண்டு என் அலமாரியைத் தேடி வருகிறது! வேறு எங்கே மாற்றுவது? படியில் தூக்கிப் போனால் கட்டடமே பார்க்கும், கட்டிலுக்கு அடியில் வைத்தால் நசுங்கும். இருந்த கோட்டுகளையெல்லாம் மேலே மேலே மாட்டிவிட்டுக் கடவுளே கதி என்று உட்கார்ந்தேன்.

வந்தவன் ஸோரன், உன் குவின்பியன்காரன், மாசிடோனியப் பையன், தென்னை மரம் மாதிரி உயரம். பின்னால் டார்ச்சோடு கிளெனிஸ். அவன் அலமாரியைத் திறந்தான். ஒரு மூச்சு இழுத்தான். கோட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் கோட்டுகளைப் பார்த்தான்.

"பெரியவரே, துணியெல்லாம் கொஞ்சம் எடுக்கணுமே."

"பாத்துப்பா. இஸ்திரி போட்டது."

"தெரியுது, தெரியுது. நல்லா வெறைப்பா இருக்கு." ஒவ்வொன்றாகப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து, என்னிடம் தராமல், பாவி, கிளெனிஸ் கையில் கொடுத்தான்! அறுவடை மொத்தமும் அவள் இரண்டு கையிலும். முகவாய்வரை கோட்டு. அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"போஸம்தான் மேடம். மேல நடக்குது" என்றான் ஸோரன் முகம் மாறாமல்.

"மெர்வ், இந்தக் கோட்டையெல்லாம் தொவைக்கப் போடுங்க. கர்மம்!"

அவன் மேலே ஏறினான். தலை மறைந்தது, இடுப்பு மறைந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு இறங்குவான், அப்புறம் கிளெனிஸ் தன் கையில் இருப்பதை மோந்து பார்ப்பாள். மேலேயிருந்து குரல் வந்தது: "அடேங்கப்பா! குடும்பத்தோட இருக்காங்கய்யா!"

சத்தியமாக அக்கா, இருந்தது! பூனை பருமனில் ஒரு தாய்ப் போஸம், முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, இரண்டும் உயிரோடு, கூண்டுக்குள்ளிருந்து என்னை முறைத்தபடி. நான் கற்பனை செய்த போஸம் நிஜமாகவே குடியிருந்திருக்கிறது, வாடகை கொடுக்காமல். கிளெனிஸ் என் அறுவடையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடிக் கத்தினாள்: "மெர்வ் சொன்னது சரிதான்! முதல்ல கண்டுபிடிச்சது அவர்தான்!" மூன்று மாடியும் கைதட்டியது. சாயங்காலம் ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு வந்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு கேட்டாள். கிளெனிஸ்! மன்னிப்பு!

ஸோரன் கூண்டோடு கிளம்பும்போது, இந்தப் பிராணிகளைத் தூரத்தில் கொண்டுபோய் விடக் கூடாது என்பதால் எங்கள் முற்றத்து யூகலிப்டஸ் மரத்திலேயே விட்டுவிட்டு, கூரை விளிம்பில் அவை நுழைந்த ஓட்டையை அடைப்பதாகச் சொன்னான். பிறகு என் காதருகே குனிந்தான். "காம்பு இன்னும் வளையுது பெரியவரே. ஒடியணும். அவசரப்பட்டுடாதீங்க."

அவசரப்படவில்லை. நேற்றுக் காலை ஒரு காம்பை வளைத்தேன். டக்! அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிப் போடுவது என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை, நானே போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் உதிர்த்துக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு அலமாரித் தட்டில் அடுக்கிவிட்டேன். இனி தினம் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து காற்றாட வைக்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடு. நான் வைத்தது வாடுமா வாடாதா என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ.

உன் கோழிகள் நாள் தவறாமல் முட்டையிடட்டும். உன் விரல்களுக்குக் குளிர் தெரியாமல் இருக்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லலாம் என்றால் நம்மைவிடப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை, அதையும் நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கையெழுத்து இல்லாமல் முதல் முறையாக,
உன் தம்பி மெர்வ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துத் திருத்த எனக்குத் தெம்பில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன், ஆனால் அதில் பாதி இப்போது உண்மையில்லை. ஜாடி மூடிகளைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு, இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கப் போனேன். அங்கிருந்த பெண் உறையைப் பார்த்து, "விலாசம் நீங்களே எழுதினதா?" என்று கேட்டாள். "நானேதான்" என்றேன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் காட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது. காற்று வரட்டும் என்று அலமாரிக்குள் இருக்கும் கூரை ஓட்டையின் பலகையைக் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தேன். கூரைக்குள் நுழையப் போஸத்துக்கு வேறொரு வழியும் தெரிந்திருக்கிறது.

ஜாடிகள் உருண்டு கிடந்தன. தின்றது போக மிச்சம் காம்புதான். தாய் என் பழுப்புக் கோட்டின் கைக்குள் நாலு காலையும் நீட்டித் தூங்குகிறது, குட்டி என் தொப்பிக்குள். அலமாரி முழுக்க அவற்றின் மூத்திரம். இந்த நாற்றத்தோடு பார்த்தால் முன்னது ரோஜாத் தோட்டம். உடனே கதவு தட்டப்பட்டது.

"மெர்வ், மறுபடியும் போஸமா?"

ஆமாம் என்றால் ஸோரன் வருவான், இந்தக் குளிரில் தாய் குட்டியோடு வெளியே போகவேண்டும். திரும்பிப் பார்த்தேன். தொப்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "இல்ல கிளெனிஸ். அது கஞ்சா. என் செடி. சனிக்கிழமை அக்கா வராங்க, அவங்களுக்காகக் காயப்போட்டிருக்கேன்" என்றேன்.

அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "அட, அவ்வளவுதானா! நான் பயந்தே போயிட்டேன். அதான் சட்டமே இருக்கே, இதைப் போய் யாராவது மறைப்பாங்களா? சனிக்கிழமை நானும் வரேன், என் முட்டிக்கு ஒரு சிட்டிகை எடுத்து வைங்க."

ஆகையால் அக்கா, சனிக்கிழமை கட்டாயம் வா. வரும்போது ஆப்பிள் வாங்கி வா, இவை எழுந்தால் பசிக்கும் என்று நினைக்கிறேன். நான் வைத்தது வாடவில்லை, குறட்டை விடுகிறது. கிளெனிஸுக்கு நான் என்ன பதில் சொல்கிறேன் என்பதை நீ பக்கத்தில் உட்கார்ந்தே கேட்பாய். இருந்தாலும் அடுத்த வாரம் அதையெல்லாம் உனக்கே எழுதி அனுப்புவேன், இன்னும் ஐந்து தபால்தலை கையில் இருக்கிறது.