கால் தரையில் படுகிறதா?

பேய்க்குப் பயப்படக் கூடாது என்று நீதவானுக்கான தகுதிகளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். சட்டத்தரணியாக இருக்க வேண்டும், போதிய வருடங்கள் வழக்காடியிருக்க வேண்டும், பெயரில் கறை இருக்கக் கூடாது. எல்லாம் என்னிடம் இருந்தன. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து கறுப்புக் கோட்டு மாட்டிய திமிரும் கொசுறாக இருந்தது.

பதில் நீதவான் என்று ஒன்று உண்டு. நிரந்தர நீதவான் லீவு போட்டால், அந்த ஊர் மூத்த சட்டத்தரணி ஒருவரை அவருடைய நாற்காலியில் உட்கார வைப்பார்கள். இரத்தினபுரிப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் எனக்கு அப்படி ஒரு நாள் கிடைத்தது. (அவருக்குத் தடிமன். அவர் மூக்கு ஒழுகியதில் எனக்கு வந்த வாழ்வு.)

நாற்காலி சூடாகும் முன்பே சார்ஜன்ட் வந்து நின்றார். மூடிக் கிடக்கும் இறப்பர் தோட்டமொன்றில், பழைய மாணிக்கக் குழிக்குள் எலும்புகள் கிடப்பதை முந்தின நாள் கண்டார்களாம். நீதவான் நேரில் பார்த்து மரண விசாரணை நடத்த வேண்டும்.

"சட்ட வைத்தியர் வர கொஞ்சம் சுணங்கும் மெடம். நாங்க முன்னுக்குப் போவோம்" என்றார்.

போனோம். நான், சார்ஜன்ட், இரண்டு கான்ஸ்டபிள்கள், நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள நீதிமன்ற கிளார்க் நஸீர் நானா. காலை பத்து மணி. ஆனால் மரங்களுக்குள் நுழைந்ததும் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிவிட்டது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தரையிலிருந்து பனிப்புகை எழும்பி முழங்கால்வரை நின்றது. நனைந்த சருகின் மேல் ஐந்து பேர் நடந்தும் ஒரு சத்தம் இல்லை. பால் வெட்ட ஆளில்லாத மரங்களில் பழைய சிரட்டைகள் கட்டியபடியே இருந்தன. அவற்றில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கோட்டைச் சரிசெய்வதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

குழியின் கரையில் சிவப்புச் சேலையில் ஒரு பெண் நின்றாள். பக்கத்துத் தோட்டத்துச் செல்லமேரி. அவள் புருஷன் அந்தோனியைக் காணாமல் ஏழு மாதம். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போ என்று லயத்தில் சொன்னார்களாம். அவள் கேட்கவில்லை.

"அம்மா, அவருதானா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. அழுறதா காத்திருக்கிறதான்னே ஏழு மாசமா தெரியலங்க."

"நீதிமன்றம் சட்டப்படி பார்க்கும்" என்றேன். (அந்தக் குரலை வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.)

சார்ஜன்ட் பழைய முறைப்பாட்டை வாசித்தார். "காணாமற் போன அன்று உடுத்தியிருந்தது, நீலக் கட்டம் போட்ட சட்டை."

நான் தலையை நிமிர்த்தினேன். குழிக்கு அந்தப் பக்கம், இரண்டு மரங்களுக்கு நடுவில், நீலக் கட்டம் போட்ட சட்டை. அதற்குள் மெலிந்த ஓர் ஆள். அசையவில்லை, பேசவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் புகை.

"அந்தோனி" என்றாள் செல்லமேரி. கத்தவில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

கான்ஸ்டபிள்கள் இருவரையும் காணோம். ஐயோ, நான் படித்த சட்டமெல்லாம் அந்த நொடியில் எங்கே போனதோ! லயத்தில் பாவாடை கட்டிய வயதில் படித்தது மட்டும் நினைவில் நின்றது: பேய்க்குக் கால் தரையில் படாது. கையை நீட்டி, அதே கண்ணாடிக் குரலில் முழங்கினேன்:

"சார்ஜன்ட்! இறந்தவருடைய கால் தரையில் படுகிறதா என்று பார்த்து உடனே நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுங்க!"

(முழங்கும்போது நான் சார்ஜன்டின் முதுகுக்குப் பின்னால், அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம்.)

"மெடம்தானே நீதவான். மெடம் போய் பார்த்தா சரிதானே" என்றார் அவர், திரும்பாமலே.

செல்லமேரிதான் போனாள். குழியைச் சுற்றித் தனியாகப் போனாள். அவன் முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் புகைக்குள் விட்டுத் துழாவினாள்.

"படுதுங்க" என்றாள். "அம்மா, கால் தரையில படுதுங்க!"

அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல். பிறகு அவள் எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

சண்டை போட்டுவிட்டு, உடுத்திய சட்டையோடு எம்பிலிப்பிட்டியவுக்குப் போய் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியிருக்கிறான் மனுஷன். "என் எலும்பைத் தோண்டுறாங்கன்னு கூட்டாளி போன் பண்ணான். மொத பஸ்ஸுல வந்தேங்க. வந்து நின்னா, என்னா சொல்றதுன்னு தெரியல" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. சட்ட வைத்தியர் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, காட்டுப்பன்றி எலும்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நஸீர் நானாவைப் பார்த்தேன். ஓடாமல், ஒரு மரவேரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"நானா, அந்தக் கால் விஷயத்தை வெட்டிடுங்க."

"நீதவான்ட கட்டளைய நான் எப்பிடி மெடம் வெட்டுற?"

மறுநாள் நிரந்தர நீதவான் வந்து வாசித்தாராம்: 'இறந்தவரின் கால் தரையில் படுகிறதா என அறிக்கையிடுமாறு கட்டளை. படுவதாக இறந்தவரின் மனைவி அறிக்கையிட்டார்.' அவர் சிரித்த சிரிப்பில் தடிமனே போய்விட்டது என்றார்கள். எனக்கு இரண்டாவது நாள் என்று ஒன்று இன்றுவரை வரவில்லை.

வீட்டில் கேட்கவே வேண்டாம். நான் சுணங்கி வந்தால் என் கணவர் வாசலில் மறித்துக் குனிந்து பார்ப்பார். "படுது, உள்ளே விடலாம்" என்பான் மகன்.

போன மாதம் பெல்மதுளை பஸ் நிலையத்தில் செல்லமேரியைக் கண்டேன். எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நானும் பார்க்கிறேங்க அம்மா. சாயங்காலம் அவரு படியேறி வரும்போது, மொகத்த அப்புறந்தான் பார்ப்பேன். மொதல்ல காலைத்தான் பார்க்கிறது."