அமலபுரியின் மேயர்

அமலதாஸ் வாத்தியாருக்குக் காரைக்குடியில் இருப்பது வாடகை வீடுதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊரே சொந்தம். பேரு அமலபுரி. ஊர் கட்டுகிற விளையாட்டு அது. அங்கே டவுன் பஸ் நேரத்துக்கு வரும். சித்திரையிலும் கண்மாயில் தண்ணி கிடக்கும். கரையோரம் மேயர் அமலதாசுக்கு மாடி வைத்த வெள்ளை வீடு. அந்த மாடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டே ஒருநாள் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டார் மனுஷன். ருசியில் வித்தியாசமே தெரியவில்லை என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்ததுதான் வினை.

யூஜினியா அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாள். தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். தனக்குக் காப்பி, அவருக்கு அந்த விளையாட்டு. அமலதாஸ் உடனே தலையாட்டிவிட்டார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, நெற்றிச் சாம்பலோடு, அவள் கண்ணெதிரிலேயே விளையாட்டை அழித்தார். கண்கூடக் கலங்கியது.

அத்தனையும் நடிப்பு. முந்தின நாளே கம்ப்யூட்டரில் உள்ளது மொத்தத்தையும் ஒரு ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில், வைக்கோலுக்குள் புதைத்துவிட்டார் நம்மாள். மார்கழி வரைக்கும் அந்தப் பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் அல்லவா.

ஈஸ்டர் வரை பொறுப்பதாகத்தான் இருந்தார். முடியவில்லை. வகுப்பில் அசோகர் மரம் நட்டதைச் சொன்னால்கூட, தன் கண்மாய்க்கரை வேம்புகள் நினைவுக்கு வந்து பாடம் பாதியில் நின்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரை எழுந்திருக்க முடியாதபடி தானே கெடுத்துவிட்டு, இழவு சொல்லுகிற குரலில் அவளைக் கூப்பிட்டார்.

"யூஜி, சிஸ்டம் போயிருச்சு. பழைய பேக்கப்பப் போட்டாத்தான் பிழைக்கும். அழிச்ச விளையாட்டும் கூடவே வந்துருமேன்னுதான் யோசிக்கிறேன்."

யூஜினியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்தா வந்துட்டுப் போகுது. போடுங்க."

அவள் சேர்த்து வைத்த கோயில் பாட்டெல்லாம் போய்விடுமே என்று இவர் கரிசனப்பட்டார். அதெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறதாம். இவ்வளவு லேசாக முடிந்ததில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். அவள் அடுப்படிக்குப் போனதும் டிஸ்கை எடுத்து வந்து மாட்டினார்.

திரையில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்தது. ஃபேன் காற்றில் கண் சொக்கியது. அமலதாஸ் கண்மாய்க்கரையில் நடந்துகொண்டிருந்தார். வேப்பம்பூ தோளில் உதிர்ந்தது. தண்ணீரில் அவருடைய வெள்ளை வீடு அசைந்தது. பஸ் நின்று, மேயர் ஐயா ஏறட்டும் என்று காத்திருந்தது. கொத்தமல்லி வாங்கிவரச் சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

விழித்தபோது எல்லாம் திரும்பி வந்திருந்தது. ஆசையாகத் திறந்தார். கண்மாய் இருந்தது. வேம்பு இருந்தது. வெள்ளை வீட்டைக் காணோம். அது நின்ற இடத்தில் இரட்டைக் கோபுரமும் உச்சியில் சிலுவையுமாக ஒரு கோயில். இன்னும் கனவுதான் என்று போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். கோயில் அப்படியே நின்றது. மேயர் பெயர் இருக்கும் இடத்தில் யூஜினியா என்று போட்டிருந்தது.

அவள் பின்னால் வந்து நின்றாள்.

"குடில் ஆட்டுக்குட்டிக்குக் காலு ஒடைஞ்சிருந்துச்சே, ஒட்டி வைப்போம்னு பெட்டியத் தொறந்தேன். மூணு ராசாக்களுக்கு நடுவுல இது படுத்துக் கெடந்துச்சு. நீங்க பள்ளிக்கூடம் போன பொறவு ஊர எறக்கிக்கிருவேன். வர்றதுக்குள்ள திருப்பி டிஸ்குல ஏத்திட்டு, இங்க அழிச்சிருவேன். எல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கீக. ஒரு கோயில் வேணாமா?"

வீடு போன துக்கத்திலும் அமலதாசுக்குச் சட்டென்று உயிர் வந்தது. வசமாக மாட்டிக்கொண்டாள். தவக்காலத்தில் விளையாட்டா, கோயில் பாட்டுப் பாடுகிற வாய் நாளைக்குப் பங்குச் சாமியாரிடம் என்ன சொல்லும் என்று குரலை உயர்த்தினார்.

யூஜினியா நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"விளையாட்ட விட்டது நீங்க. நான் விட்டது காப்பி. எந்திரிங்க, போயி கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."